மின் கணக்கு அறிவோம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துக் கூறி அமர்வது வழக்கம். எனினும், கல்விச் சங்கத்தின் விழாவுக்கு வந்தவர்கள் ஒரு பாடத்தையேனும் கற்றுக்கொண்டு வீடு திரும்புவதே அவ்விழாவுக்குப் பெருமை எனக் கருதி, மின்சாரத்தைப் பற்றிய எளிய கணக்கொன்றை இன்று எடுத்துக்கொண்டோம். யாம் பெற்றது கலைப் பட்டம். இயற்பியல் எமது பாடமன்று. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இக்கணக்கைப் போடலாம் என்பதற்கு அதுவே சான்றாகட்டும்.

அளவை என்பது என்ன என்பதை நம் முன்னோர் பட்டறிந்தவர்கள். களத்தில் நெல்லைக் குவித்தவர்கள் அவர்கள். மரக்கால் வேறொருவர் கையில் இருந்தது. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் ஊருக்கு அண்மையிலுள்ள கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு குடிசைக்குள் நெருப்பில் மாண்ட 44 உயிர்களின் பின்னே நின்றவை, கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட கோரிக்கையும், சங்கமாகக் கூடும் உரிமையுமே ஆகும். அரைப்படி என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை உலகில் வேறெவரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நம் வீட்டுக்குள் அளந்து தரப்படும் பொருள்களில் கண்ணுக்குத் தெரியாதது மின்சாரம். அதை அளக்கும் முறையும் நம் கைக்கு வரவேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வோம். கடைமடைக்காரர்களாகிய நமக்கு அவற்றை விளக்க வாய்க்காலே போதும். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றின் கிளைகள் வழியாக நம் வயலுக்கு வருகிறது. மேட்டில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அவ்வளவு வேகம் பள்ளத்தை நோக்கி அதைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலைப் போன்றது மின்னழுத்தம். அதை வோல்ட் என்ற அலகால் அளக்கிறோம். ஒரு வினாடியில் மதகைக் கடக்கும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். வாய்க்கால் குறுகலாக இருந்தாலும், நீளம் மிகுந்தாலும், ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலும் நீர் வரத்துக் குறைகிறது அல்லவா? அந்தத் தடுப்பைப் போன்றது மின்தடை. அதன் அலகு ஓம்.

உவமைக்கு ஓர் எல்லையுண்டு. வாய்க்காலின் கரை உடைந்தால் நீர் வெளியே ஓடும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். போவதற்கு ஒரு வழியும் திரும்புவதற்கு ஒரு வழியும் இருந்தால்தான் அது ஓடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயிரைக் காக்கும் செய்தி இதற்குள் இருக்கிறது.

இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டு சொன்னவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம். 1789இல் எர்லாங்கன் நகரில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். அத்தந்தை பெரிய பள்ளிகளில் பயின்றவரல்லர். தாமே முயன்று கற்று, அக்கணிதத்தை மக்களுக்கும் கற்பித்தார். ஓம் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தபோது, கொதிநீரிலும் பனிக்கட்டியிலும் இரு முனைகளை வைத்து மாறாத மின்னழுத்தத்தை உண்டாக்கி, வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்துப் பொறுமையுடன் அளந்தார். 1827இல் அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அக்காலத்து அறிஞர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. மனம் நொந்த அவர் ஆசிரியப் பணியை விட்டு விலகி, ஆண்டுக் கணக்கில் நிலையான பதவியின்றித் துன்புற்றார். 1841இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி 1852இல் கிடைத்தது; இரண்டே ஆண்டுகளில் காலமானார். 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது. மின்னாக்கியின் தத்துவத்தை 1831இல் கண்ட மைக்கேல் பாரடேயும் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்றவர். உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எட்டாது என்று எவரேனும் கூறினால், இவ்விருவர் பெயரையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஓம் கண்ட விதி ஒரே வரியில் அடங்கும்:

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை.

மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தெரிந்துவிடும். மின்தடை வேண்டுமாயின் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். மின்னோட்டம் வேண்டுமாயின் மின்னழுத்தத்தை மின்தடையால் வகுக்க வேண்டும். இத்துடன் இன்னொரு வரியையும் சேர்த்துக்கொள்வோம்:

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்.

மின்திறனின் அலகு வாட். ஒரு கருவி ஒரு வினாடியில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை அது காட்டும்.

இனிக் கணக்குப் போடுவோம். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட் எனக் கொள்வோம். ஓர் இஸ்திரிப் பெட்டியின் மேல் 1,000 வாட் என்று எழுதியிருக்கிறது. 1,000ஐ 230ஆல் வகுத்தால் 4.35. அதில் ஓடும் மின்னோட்டம் 4.35 ஆம்பியர். 230ஐ 4.35ஆல் வகுத்தால் ஏறத்தாழ 53. அதன் மின்தடை 53 ஓம். அவ்வாறே 40 வாட் குண்டு பல்பு ஒன்றில் ஓடுவது 0.174 ஆம்பியர், அதன் மின்தடை ஏறத்தாழ 1,320 ஓம். திறன் மிகுந்த கருவிக்குத் தடை குறைவு, திறன் குறைந்த கருவிக்குத் தடை மிகுதி என்பதை இவ்விரண்டு கணக்குகளும் காட்டுகின்றன.

மாணவர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். அணைந்திருக்கும் பல்பை மல்ட்டிமீட்டரில் அளந்தால் 1,320 ஓம் வருவதில்லை. ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கே காட்டும். காரணம், உள்ளிருக்கும் டங்ஸ்டன் இழை வெண்சூடு அடையும்போது அதன் தடை பன்மடங்கு கூடுவதேயாகும். மின்விசிறி, மோட்டார் ஆகியவற்றுக்கும் ஒரு திருத்தம் உண்டு. மாறுமின்னோட்டத்தில் இயங்கும் அவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதைவிட உண்மையான வாட் சற்றுக் குறைவாக இருக்கும். அதைத் திறன் காரணி என்பர். ஐ.டி.ஐ.யில் சேர்வோர் அதை விரிவாகக் கற்பார்கள்.

இக்கணக்கு முதலில் உதவுவது நம் வீட்டு ரசீதுக்கு. 1,000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகிறது. அந்த நூறுக்குள் ஒரு குடும்பம் வாழ முடியுமா என்று பார்ப்போம். 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் 750 வாட் மணி. அறுபது நாளில் 45 யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று நாளும் ஐந்து மணி நேரம் எரிந்தால் அறுபது நாளில் 8.1 யூனிட். 80 வாட் தொலைக்காட்சி நாளும் ஐந்து மணி நேரம் ஓடினால் 24 யூனிட். மொத்தம் 77.1. வீட்டில் இன்னொரு பழைய மின்விசிறி சேர்ந்தால் 122 ஆகி நூறைத் தாண்டிவிடும். அவ்விரண்டுக்கும் பதிலாக 35 வாட் மின்விசிறிகள் இரண்டை மாட்டினால் மொத்தமே 74.1 யூனிட்தான். எந்தப் பொருளை வாங்குவது என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய வேண்டாம். வாட் எண்ணைப் பார்த்து நாமே முடிவு செய்யலாம்.

அடுத்தது நெருப்பைப் பற்றியது. கூரை வீடுகள் இன்னும் நம்மிடையே உள்ளன. ஆகையால் தாய்மார்களும் இதைக் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம். கம்பிக்கும் தடை உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செப்புக் கம்பி 100 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1.7 ஓம் தடை தரும். அதே கனத்தில் அலுமினியம் ஏறத்தாழ 2.8 ஓம் தரும். கம்பத்திலிருந்து 60 மீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு அந்தச் செப்புக் கம்பியை இழுத்தால், போக 60, திரும்ப 60, ஆக 120 மீட்டர். தடை ஏறத்தாழ 2 ஓம். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறனைக் காண, மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, பின்பு தடையால் பெருக்க வேண்டும். ஒரு விளக்கும் விசிறியும் ஓடி 1 ஆம்பியர் சென்றால் 1 × 1 × 2, அதாவது 2 வாட். இஸ்திரிப் பெட்டியும் மோட்டாரும் சேர்ந்து 10 ஆம்பியர் சென்றால் 10 × 10 × 2, அதாவது 200 வாட். மின்னோட்டம் பத்து மடங்கு கூடினால் வெப்பம் நூறு மடங்கு கூடுகிறது. வெப்பம் பற்றிய இவ்விதியை 1840ஆம் ஆண்டளவில் கண்டவர் ஜேம்ஸ் ஜூல்.

அந்த 200 வாட் 120 மீட்டரிலும் பரவியிருப்பதால் உடனே தீப்பற்றாது. அஞ்ச வேண்டியது இணைப்பை. முறுக்கிவிட்ட இணைப்பு துருவேறித் தளர்ந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் அரை ஓம் தடை உண்டானால், 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 50 வாட் வெப்பம் பிறக்கும். 40 வாட் பல்பைவிட மிகுந்த சூடு ஒரு விரற்கடை இடத்தில், காய்ந்த கீற்றை ஒட்டி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆகையால் கூரைக்குள் இணைப்பு வேண்டாம். வேண்டியிருந்தால் இறுக்கமான திருகு இணைப்பாக, கீற்றைத் தொடாமல் இருக்கட்டும். நம் ஊரில் பீஸ் என்று வழங்கும் உருகி போனால், கைக்குக் கிடைத்த தடித்த கம்பியை மாட்டிவிடும் பழக்கத்தை ஒழிக்க வேண்டும். உரிய அளவுள்ள உருகி, கம்பி காய்வதற்கு முன் தான் உருகி வீட்டைக் காக்கிறது. தடித்த கம்பி உருகாது. அப்போது வீடுதான் எரியும்.

இனி நம் தெருக்களின் நெடுநாள் குறைக்கு வருவோம். மாலை ஏழு மணியானால் குடியிருப்பின் கடைசி வீடுகளில் விளக்கு மங்குகிறது, மோட்டார் முனகுகிறது, விசிறி தள்ளாடுகிறது. தண்ணீரில் கடைமடையாக இருந்த நாம் மின்சாரத்திலும் கடைமடையாக இருக்கிறோம். இதற்கான காரணத்தையும் அதே விதி சொல்லும். மின்மாற்றி ஊர் நடுவில் நிற்கிறது; நம் தெரு அங்கிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கிறது எனக் கொள்வோம். 30 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி போகவர 800 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 0.75 ஓம். கோட்டின் கடைசியில் இருபது வீடுகள். மாலை வேளையில் வீட்டுக்கு 3 ஆம்பியர். ஆக 60 ஆம்பியர். 60ஐ 0.75ஆல் பெருக்கினால் 45. வழியிலேயே 45 வோல்ட் குறைந்து, 230 என்று புறப்பட்டது நம் வாசலுக்கு வரும்போது 185 ஆகிவிடுகிறது.

185 வோல்ட்டில் 40 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 26 வாட் அளவே தரும். மோட்டாரின் நிலை இன்னும் கேடானது. அது அதே வேலையைச் செய்ய முயன்று மின்னோட்டத்தை ஏறத்தாழக் கால் பங்கு கூட்டி இழுக்கும். சுருளில் வெப்பம் ஒன்றரை மடங்காகும். சில நாளில் சுருள் கருகும். கடன் வாங்கிப் போட்ட மோட்டார் ஏன் எரிந்தது என்பதற்கு விதியைத் தவிர வேறெதையும் நொந்துகொள்ள வேண்டியதில்லை. அவ்விதி ஓமின் விதி. அதற்குத் தீர்வும் உண்டு. மின்மாற்றியை நம் தெருவுக்கு 100 மீட்டர் தொலைவில் நிறுவினால் தடை கால் பங்காகி, இழப்பு 11 வோல்ட்டாகக் குறையும். நமக்கு 219 வோல்ட் கிடைக்கும்.

மின்னழுத்தம் அறிவித்த அளவிலிருந்து ஆறு விழுக்காட்டுக்கு மேல் மாறக் கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே வரையறுத்தன. 230ஐ அடிப்படையாகக் கொண்டால், 216க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பொருள். ஆகவே, “எங்கள் தெருவில் கரண்ட் சரியில்லை” என்று மனு எழுதுவதுடன் நின்றுவிடாதீர்கள். இன்ன நாள், மாலை ஆறு மணிக்கு இத்தனை வோல்ட், ஏழு மணிக்கு இத்தனை வோல்ட், காலை ஐந்து மணிக்கு இத்தனை வோல்ட் என்று பதினைந்து நாள் அளந்து எழுதி, அந்தப் பட்டியலை மனுவோடு இணையுங்கள். வெறும் குறையைச் சொன்னால் “பார்க்கலாம்” என்ற விடை வரும். எண்ணைச் சொன்னால் எண்ணால்தான் விடை கூற வேண்டியிருக்கும். 2021இல் தொடங்கிய மின்னகம் என்னும் சேவை மையத்தில் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியில் இத்தனை இழப்பென்றால், மேட்டூரிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் மின்சாரம் எவ்வாறு வருகிறது என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. மேற்சொன்ன இருபது வீடுகளுக்காகப் புறப்படும் திறன் 230 × 60, அதாவது 13,800 வாட். அதில் 2,700 வாட் வழியிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. அதே திறனை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஒன்றேகால் ஆம்பியர் போதும். அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 1.2 வாட்டாகச் சுருங்கும். இதனாலேயே மின்னழுத்தத்தை உயர்த்தி நெடுந்தூரம் அனுப்பி, ஊருக்குள் மின்மாற்றியால் இறக்குகிறார்கள். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் 1937 முதல் மின்சாரம் எடுக்கப்படுகிறது. நம் வயலுக்கு வரும் நீர், வரும் வழியில் மின்சாரத்தையும் தந்துவிட்டு வருகிறது.

உயிரைக் காக்கும் செய்தி ஒன்று உண்டு என்று முன்னர்க் கூறினோம். காய்ந்த தோலுள்ள மனித உடலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். சேற்றில் நிற்கும் உழவனின் நனைந்த உடலுக்கு அது ஏறத்தாழ 1,000 ஓமாகக் குறைந்துவிடும். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். நெஞ்சின் வழியே 0.03 ஆம்பியர் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. இது அதைப் போல ஏழு மடங்குக்கு மேல். அறுந்த கம்பி திரும்பும் வழியின்றிக் கிடக்கும். ஈர நிலத்தில் நிற்கும் நாம் தொட்டால் நாமே அந்த வழியாகிவிடுவோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய வேளையில் தரையில் கிடக்கும் எந்தக் கம்பியையும், மின்சாரம் இல்லை என்று நாமாகவே எண்ணித் தொடக் கூடாது. எலிக்கும் பன்றிக்கும் வயலில் மின்வேலி போடுவது சட்டப்படி குற்றம். அதில் விடியற்காலையில் கால் வைப்பவர் பெரும்பாலும் கூலி வேலைக்குச் செல்லும் நம் உறவினரே ஆவர். வாய்ப்புள்ளோர் வீட்டில் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புக் கருவியைப் பொருத்துங்கள், 0.03 ஆம்பியர் கசிந்தவுடனே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

இளைஞர்களே, அண்ணல் அம்பேத்கர் அரசியலமைப்பை வரைந்தார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது என்பதைப் பலர் அறியார். 1943 அக்டோபரில் மின்சாரம் பற்றிய கொள்கைக் குழுவின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அவர், மலிவான, தட்டுப்பாடற்ற மின்சாரத்தைத் தொழில் வளர்ச்சிக்கும், அதன் வழியாக மக்கள் வறுமையிலிருந்து மீள்வதற்கும் உரிய கருவியாகக் கண்டார். அவரைப் போற்றுவோர் வீட்டுப் பிள்ளைகள் மின்சாரத்தைக் கற்பது பொருத்தமே அன்றோ!

புயலடித்தால் கம்பத்துக்குக் குழி வெட்ட நம் கைகள் அழைக்கப்படுகின்றன. அவ்வேலையில் இழிவொன்றும் இல்லை. ஆனால் குழி வெட்டும் கைக்குக் கம்பி எவ்வளவு கனம் வேண்டும் என்ற கணக்கும் தெரிந்திருக்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் வயர்மேன் பிரிவிலும், பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் எலக்ட்ரீசியன் பிரிவிலும் அரசு ஐ.டி.ஐ.யில் சேரலாம். பாலிடெக்னிக், பொறியியல் என்று அதற்கு மேலும் படிகள் உண்டு. பெண் மக்களுக்கும் அக்கதவுகள் திறந்தே இருக்கின்றன. அவர்களைத் தடுக்க வேண்டாமெனப் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

முடிவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழாவின் நினைவாக நல்ல மல்ட்டிமீட்டர் ஒன்றும் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கிப் படிப்பகத்தில் வையுங்கள். மின்னோட்டம் உள்ள கம்பியில் அளப்பதைப் பயிற்சி பெற்ற எலக்ட்ரீசியன் ஒருவரின் மேற்பார்வையில் மட்டும் செய்யட்டும். ஞாயிறுதோறும் இரண்டு மாணவர்கள் அவருடன் சென்று, நம் தெருவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் எத்தனை வோல்ட் வருகிறது என்பதை அந்நோட்டில் எழுதட்டும். வருகிற சித்திரைக்குள் அது நிரம்பிவிடும். அதை எடுத்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்கு நம் பிள்ளைகளே சென்று பேசட்டும். பெரியவர்கள் பின்னால் நின்றால் போதும்.